எத்தனை புள்ளி வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கம்ப்யூட்டரில் படிகங்களைக் கணக்கிடுவது பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கே-புள்ளியும் சமச்சீரும்தான். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் நாலு வரி. படிகம் என்பது சில அணுக்கள் கொண்ட ஒரே அலகைத் திரும்பத் திரும்ப அடுக்கியது, அந்த அலகைத்தான் கூடு என்கிறோம். படிகத்துக்குள் எலக்ட்ரான் அலையாகப் பரவிக் கிடக்கிறது. இதை 1928-லேயே ஃபெலிக்ஸ் பிளாக் காட்டிவிட்டார். அந்த அலை எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக மடிகிறது என்று சொல்லும் எண்தான் கே. ஒன்றுக்கொன்று வேறான எல்லாக் கே மதிப்புகளும் அடங்கிய பெட்டிக்குப் பெயர் பிரில்லுவான் மண்டலம். மொத்த ஆற்றல் வேண்டுமென்றால் அந்தப் பெட்டி முழுக்கத் தொகையிட வேண்டும். அது நடக்கிற காரியமில்லை என்பதால், சீரான இடைவெளியில் சில புள்ளிகளை வைத்து, அங்கே மட்டும் கணக்குப் போட்டுச் சராசரி எடுக்கிறோம். அவைதான் கே-புள்ளிகள்; மூன்று திசையிலும் எத்தனை என்று 8×8×8 மாதிரி எழுதும் வலைதான் கிரிட்; கே பூஜ்யமாக இருக்கும் நடுப்புள்ளிக்குப் பெயர் காமா. எத்தனை புள்ளி, எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள்.

*

சார், நான் படித்த கட்டுரையில் சிலிக்கானுக்கு 8×8×8 கிரிட் என்று போட்டிருந்தது. நான் 8 அணு உள்ள கனசதுரக் கூட்டுக்கும் அதையே போட்டேன். சீனியர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். என்ன தப்பு?
– எம்.எஸ்சி. இறுதியாண்டு மாணவர், மதுரை

தப்பில்லை, வெட்டிச் செலவு. உங்கள் சீனியர் சிரித்த நேரத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

கே இருக்கும் வெளி தலைகீழ் வெளி. இங்கே கூடு பெரிதானால் அங்கே பெட்டி சிறிதாகும். சிலிக்கானின் அணிக்கோவை மாறிலி, அதாவது கனசதுரக் கூட்டின் பக்கம், 5.43 ஆங்ஸ்ட்ராம். கட்டுரைக்காரர் எடுத்திருப்பது அநேகமாக 2 அணு மட்டும் உள்ள பிரிமிட்டிவ் செல், இருப்பதிலேயே சின்னக் கூடு. அதில் தலைகீழ் வெக்டரின், அதாவது பெட்டிப் பக்கத்தின், நீளம் ஆங்ஸ்ட்ராமுக்கு 2.0, அதை எட்டாகப் பிரித்தால் புள்ளிக்குப் புள்ளி 0.25. உங்கள் கனசதுரக் கூட்டில் அந்த நீளம் 1.16-தான். அதே 0.25 இடைவெளி வேண்டுமென்றால் 4.6 வருகிறது, முழு எண்ணாக்கினால் 5. ஆக 5×5×5 போட்டாலே அவர் பார்த்த துல்லியத்தைத் தொட்டுவிடுவீர்கள். சரிபார்க்க வேண்டுமா? உங்கள் கூடு நாலு மடங்கு பெரிது, அதனால் பெட்டி நாலில் ஒரு பங்கு; 512-ஐ நாலால் வகுத்தால் 128, 5×5×5 என்பது 125. நாளைக்கே பல கூடுகளைச் சேர்த்து ஒன்றாக்கிய 64 அணு சூப்பர்செல்லுக்குப் போனால் 3×3×3 போதும்.

இதை இன்னொரு விதமாகவும் மனதில் வைத்துக்கொள்ளலாம், எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு திசையில் 8 என்று போடுவது, எட்டுக் கூடுகளை வரிசையாக நிறுத்தி எட்டாவதன் வாலை முதலாவதன் தலையோடு முடிந்துவிட்ட படிகத்தைக் கணக்கிடுவதற்குச் சமம். பிரிமிட்டிவ் செல்லின் பக்கம் 3.84 ஆங்ஸ்ட்ராம், எட்டு மடங்கு 30.7. உங்கள் கூட்டில் ஐந்து மடங்கு 27. கிரிட்டையும் கூட்டின் பக்கத்தையும் பெருக்கினால் வரும் நீளம்தான் விஷயம், கிரிட் எண் தனியாக எதையும் சொல்லாது. கட்டுரையில் 8×8×8 என்று மட்டும் எழுதி எந்தக் கூடு என்று எழுதாதவர்கள் மேல் எனக்கே கோபம் உண்டு.

சீரான புள்ளிகளே போதும் என்று ஆனது எப்படி என்றால், 1973-இல் பால்டரெஸ்கியும், பிறகு சாடியும் கோஹனும் 'சிறப்புப் புள்ளிகள்' என்று சிலவற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1976-இல் மாங்கார்ஸ்ட், பேக் இருவரும் தேடவே வேண்டாம், ஒரே இடைவெளியில் வைத்துவிடுங்கள் என்று ஒரு சின்னக் கட்டுரையில் முடித்துவிட்டார்கள். ஆற்றல் வளைவு என்பது பல கோசைன் அலைகளின் கூட்டு. சம இடைவெளியில் கூட்டினால் ஏறுவதும் இறங்குவதும் சரிக்குச் சரியாகி அலைகள் பூஜ்யமாகிவிடும். கிரிட்டின் நீளத்துக்கு மேல் எட்டிப் பாயும் அலைகள் மட்டும் தப்பிக்கும். சிலிக்கான் மாதிரி ஆற்றல் இடைவெளி (நிரம்பிய நிலைகளுக்கும் காலி நிலைகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடம்) உள்ள பொருளில் அவ்வளவு தூரம் பாயும் அலைகளுக்கு வலுவே இருக்காது. அதனால்தான் கிரிட்டைக் கொஞ்சம் கூட்டியதும் பிழை மடமடவென்று சரிகிறது. உலோகத்தில் இந்தச் சொகுசு கிடையாது. அது கீழே வருகிறது.

*

காஸ்டெப் மென்பொருளில் கே-புள்ளிகளுக்கு நடுவே 0.04 என்று இடைவெளி கொடுத்து வேலை பார்த்தவன் நான். இப்போது வாஸ்ப் மென்பொருளில் அதே 0.04 கொடுத்தால் வேலை தொடங்கவே மாட்டேன் என்கிறது.
– ஆய்வு மாணவர், சேலம்

தொடங்காதது உங்கள் அதிர்ஷ்டம். வாஸ்பின் இடைவெளியில் 2 பை சேர்ந்தே இருக்கிறது, காஸ்டெப்பில் அது வெளியே நிற்கிறது. காஸ்டெப்பின் 0.04-ஐ 6.28-ஆல் பெருக்குங்கள், 0.25. வாஸ்பில் கொடுக்க வேண்டியது இதுதான். நீங்கள் கொடுத்த 0.04-க்கு சிலிக்கான் பிரிமிட்டிவ் செல்லில்கூட 51×51×51 விழும்; ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் புள்ளிகள். திருப்பிச் செய்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். வாஸ்பின் 0.25-ஐக் காஸ்டெப்பில் போட்டால் சிலிக்கானுக்கு 2×2×2 வரும், வேலை ஜோராக ஓடி முடியும், யாருக்கும் சந்தேகமே வராது.

*

கிராஃபீனில் (ஓர் அணு தடிமன் உள்ள கார்பன் தாள்) எனக்கு ஏறக்குறைய 2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளி வருகிறது. கிரிட் 10×10×1. கிராஃபீனுக்கு இடைவெளியே கிடையாது என்றுதானே படித்தோம்? கைடு 'புதிதாக ஏதோ பிடித்துவிட்டாய் போல' என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.
– முனைவர்பட்ட மாணவி, கோயம்புத்தூர்

பயப்பட்டது நல்லது. கைடிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், கொஞ்சம் மெதுவாக.

பேனாவும் பேப்பரும் போதும். கிராஃபீனுக்கு எளிய டைட்-பைண்டிங் கணக்கில், மண்டலத்தின் நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போகும் கோட்டில் ஆற்றல் என்பது, பக்கத்து அணுவுக்குத் தாவும் வலு பெருக்கல் (1 + 2 கோசைன் தீட்டா). தீட்டா என்பது ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குப் போகும்போது அலை திரும்பும் கோணம். தாவும் வலு சுமார் 2.7 எலக்ட்ரான்வோல்ட். தீட்டா 120 டிகிரி ஆகும்போது கோசைன் மைனஸ் அரை, அடைப்புக்குள் பூஜ்யம், மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் (பட்டை என்றால் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல்களின் தொடர்) தொட்டுக்கொள்கின்றன. எல்லாரும் கொண்டாடுகிற டிராக் புள்ளி அதுதான். 120 டிகிரி என்றால் முழுச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கிரிட் முழுச் சுற்றைப் பத்தாகப் பிரிக்கிறது: 0, 36, 72, 108, 144 டிகிரி. 120 அங்கே எங்கே இருக்கிறது? பக்கத்தில் இருப்பது 108. அதற்கு 1 + 2 கோசைன் போட்டால் 0.38. 2.7-ஆல் பெருக்கி, மேலே ஒரு பட்டை கீழே ஒரு பட்டை என்பதால் இரட்டித்தால் 2.06 எலக்ட்ரான்வோல்ட். வந்தது உங்கள் 'கண்டுபிடிப்பு'. பொருளில் இடைவெளி இல்லை, உங்கள் புள்ளிகள் அந்த இடத்தை மிதிக்காமல் தாண்டிப் போய்விட்டன.

12×12×1 போடுங்கள். நாலாவது புள்ளி சரியாக 120-இல் உட்காரும், இடைவெளி மாயமாகிவிடும். 9, 12, 15, 18 என்று மூன்றால் வகுபடும் எண்ணாக, மையம் காமாவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 11-இலிருந்து 13-க்குப் போய் 'கிரிட்டை அதிகமாக்கிப் பார்த்தேன், இடைவெளி இன்னும் இருக்கிறது' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகமாக்கியது சரி, இரண்டுமே மூன்றால் வகுபடாத எண்கள்.

சூப்பர்செல்லிலும் இதே கதைதான். 3×3 கிராஃபீன் சூப்பர்செல்லில் டிராக் புள்ளி மடிந்து காமாவுக்கே வந்து விழும். 4×4-இல் அப்படி விழாது. ஆகவே ஒரு அணுவை எடுத்துவிட்டு, அல்லது நைட்ரஜன் ஒன்றை வைத்துவிட்டு, 'இடைவெளி திறந்தது' என்று சொல்வதற்கு முன், எதுவும் செய்யாத அதே அளவு சுத்தமான சூப்பர்செல்லை அதே கிரிட்டில் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே இடைவெளி தெரிந்தால் நைட்ரஜன் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, மூன்றாவது எண் 1 என்று போட்டிருக்கிறீர்களே, அது ரொம்பச் சரி. தாளுக்கு மேலே 20 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் வைத்தால் அந்தத் திசையில் தலைகீழ் நீளம் 0.31. தானியங்கி இடைவெளி 0.25 என்று விட்டிருந்தால் மென்பொருள் அதை 2 என்று ஆக்கிவிடும். வெற்றிடத்தில் எலக்ட்ரான் எங்கேயும் போவதில்லை, எந்தப் புள்ளியில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சும்மா இரட்டைச் செலவு.

*

என் கிராஃபீன் இன்புட்டில் 12×12×1-க்கு 43 கே-புள்ளிகள் வருகின்றன. நண்பனுக்கு அதே மென்பொருளில் 19. இரண்டு பேரும் ஒரே பொருள், ஒரே கூடு. எப்படி?
– இளநிலை ஆய்வாளர், யாழ்ப்பாணம்

உங்கள் இன்புட் ஃபைலைப் பார்க்காமலே சொல்கிறேன், கார்பன் அணுவின் இடத்தை 0.333, 0.667 என்று எழுதியிருக்கிறீர்கள்.

கணக்குப் பண்ணிப் பாருங்கள். கிராஃபீனுக்கு 24 சமச்சீர்ச் செயல்கள் உண்டு, அதாவது செய்த பிறகும் படிகம் அப்படியே தெரியும் சுழற்சி, பிரதிபலிப்பு முதலியவை. 144 புள்ளிகளில் ஒன்றைச் சுழற்றினாலோ பிரதிபலித்தாலோ இன்னொன்று கிடைக்குமானால் இரண்டிலும் ஆற்றல் ஒன்றுதான், ஒன்றைக் கணக்கிட்டால் போதும். அப்படிச் சேர்த்துக் கழித்தால் மிஞ்சுவது 19. மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று வெட்டினால் மூன்று பிணைப்புகளில் ஒன்று மற்ற இரண்டை விட முடியளவு வித்தியாசப்பட்டுவிடும். நமக்குத் தெரியாது, ஆனால் மென்பொருள் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வரை பார்க்கிறது. மூன்று மடங்குச் சுழற்சி போயிற்று, 24-இல் மிஞ்சியது 8. அந்த எட்டை வைத்துக் கழித்தால் 43.

0.3333 என்று நாலு இலக்கம் எழுதினாலும் தப்பிக்க முடியாது. 0.3333333333 என்று பத்து இலக்கம் எழுதுங்கள். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ மென்பொருள் என்றால் அணு இடத்தில் 1/3 என்றே எழுதலாம், ஏற்றுக்கொள்ளும். அறுகோணக் கூட்டின் வெக்டர்களை நீங்களே தட்டுவதை விட அணிக்கோவை வகை எண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது, √3/2-ஐ எத்தனை இலக்கம் எழுதினோம் என்ற கவலை இருக்காது.

பணம்தானே கூடுதல், விடை சரியாகத்தானே வரும் என்று கேட்பீர்கள். இந்த உதாரணத்தில் ஆமாம். ஆனால் அணுக்களைத் தளர்த்தி விடும்போது, அதாவது விசை அடங்கும்வரை நகர விடும்போது, உடைந்த சமச்சீரில் தொடங்கிய கூடு உடைந்த திசையிலேயே மெல்ல நகர ஆரம்பிக்கும், கடைசியில் இல்லாத ஒரு சிதைவை விளக்கிக்கொண்டிருப்பீர்கள். ஓட்டத்தைத் தொடங்கியதும் நான் முதலில் பார்ப்பது ஆற்றலை அல்ல. எத்தனை சமச்சீர்ச் செயல் கண்டுபிடித்தது, எத்தனை கே-புள்ளி என்ற இரண்டு வரிகளை. சிலிக்கானுக்கு 48 வர வேண்டும். 12 வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இன்புட்டைத் திறப்பேன்.

*

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, காமா புள்ளி ஒன்றே போதாதா?
– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

பானை பெரிதாக இருந்து, சோறு ஒரே மாதிரி வெந்திருந்தால் போதும். அதாவது நூற்றுக்கணக்கான அணு உள்ள கூடு, ஆற்றல் இடைவெளி தாராளமாக உள்ள பொருள். தண்ணீர், கண்ணாடி, பெட்டிக்குள் வைத்த தனி மூலக்கூறு. காமாவில் மட்டும் ஓட்டினால் அலைச்சார்புகளை மெய்யெண்களாகவே வைத்துக்கொள்ளலாம், நினைவகமும் நேரமும் ஏறக்குறைய பாதியாகும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்குத் தனி வழி இருக்கிறது. உலோகத்தில் மட்டும் இந்தப் பழமொழியை எடுக்காதீர்கள்.

*

அலுமினியத்தில் கிரிட்டைக் கூட்டக் கூட்ட ஆற்றல் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி ஏறி இறங்குகிறது. ஸ்மியரிங் அகலத்தைக் கூட்டினால் அடங்குகிறது, ஆனால் அது ஏமாற்று வேலை மாதிரி தோன்றுகிறது.
– முனைவர்பட்ட மாணவர், சென்னை

பாதி ஏமாற்றுதான், தெரிந்து செய்கிற ஏமாற்று.

உலோகத்தில் பட்டையின் நடுவிலேயே ஃபெர்மி மட்டம் வெட்டுகிறது. ஒரு பக்கம் நிரம்பிய நிலைகள், மறுபக்கம் காலி, நடுவே கத்தியால் வெட்டியது போல் ஒரு பரப்பு. மேலே சொன்ன கோசைன் வித்தையெல்லாம் மிருதுவான வளைவுக்குத்தான். இந்த வெட்டுக்குப் பக்கத்தில் உங்கள் புள்ளி ஒன்று இந்தப் பக்கம் விழுந்தால் முழுதாகக் கணக்கில் வருகிறது, அந்தப் பக்கம் விழுந்தால் வரவே இல்லை. கிரிட் மாறும்போதெல்லாம் சில புள்ளிகள் கட்சி மாறுகின்றன, ஆற்றல் ஊஞ்சலாடுகிறது. ஸ்மியரிங் செய்வது அந்த வெட்டின் விளிம்பை மழுக்குவது. மழுக்கியபின் குறைவான புள்ளிகளே போதும், ஆனால் நீங்கள் கணக்கிடுவது அசல் உலோகத்தை அல்ல, கொஞ்சம் மழுங்கிய ஒன்றை.

எவ்வளவு மழுங்கியது என்று உணர ஒரு கணக்கு. வழக்கமாகப் போடும் 0.02 ரிட்பெர்க் அகலம் என்பது 0.27 எலக்ட்ரான்வோல்ட். இதை அப்படியே ஃபெர்மி-டிராக் வெப்பநிலையாக எடுத்தால் 3,100 கெல்வினைத் தாண்டுகிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்! அதனால்தான் 1989-இல் மெத்ஃபெசல், பாக்ஸ்டன் இருவரும், 1999-இல் மர்ஸாரி குழுவினரும் வேறு ஸ்மியரிங் வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். அகலம் பெரிதாக இருந்தாலும் மொத்த ஆற்றலில் பிழை மிகச் சிறிதாக இருக்கும்படி அவற்றைச் செதுக்கியிருக்கிறார்கள். அலுமினியத்துக்கு இவற்றில் ஒன்றை எடுங்கள், காஸியனையோ ஃபெர்மி-டிராக்கையோ இவ்வளவு அகலத்தில் வேண்டாம்.

கிரிட்டும் அகலமும் தனித்தனி இல்லை. அகலத்தைக் குறைத்தால் கிரிட்டைக் கூட்ட வேண்டும். நான் செய்வது, மூன்று அகலங்களுக்குக் கிரிட்டை ஏற்றிக்கொண்டே போய் மூன்று கோடு வரைவேன். அகலமான ஸ்மியரிங் சீக்கிரம் படுத்துவிடும், ஆனால் தப்பான உயரத்தில் படுத்திருக்கலாம். மற்ற இரண்டோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். அணுக்களைத் தளர்த்த ஸ்மியரிங், கடைசியில் நிலை அடர்த்தி (எந்த ஆற்றலில் எத்தனை நிலைகள் என்ற படம்) வரைய 1994-இல் வந்த புளோக்ல் திருத்தத்தோடு டெட்ராஹெட்ரான் முறை (பெட்டியை நான்முகிகளாக வெட்டித் தொகையிடுவது) என்று பிரித்துக்கொள்ளுங்கள். உலோகத்தில் டெட்ராஹெட்ரானை வைத்து விசைகளை நம்ப வேண்டாம்.

என் சொந்தக் கூத்து ஒன்றும் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் இதே அலுமினியத்துக்குக் கனஅளவு–ஆற்றல் வளைவு வரைந்துகொண்டிருந்தேன், கிரிட்டைக் கையால் கொடுக்கச் சோம்பல், தானியங்கி இடைவெளி 0.25 என்று விட்டுவிட்டேன். அழகாக வளைய வேண்டிய கோடு இடது பக்கம் ஒரு இடத்தில் மடங்கி நின்றது. ஒரு வாரம் சூடோபொட்டன்ஷியலை (அணுக்கருவுக்கும் உள் எலக்ட்ரான்களுக்கும் பதிலாக வைக்கும் ஃபைல்) திட்டினேன், வேறு ஒன்றை இறக்கினேன், அதிலும் மடங்கியது. பிறகுதான் அவுட்புட்டில் கண் பட்டது. அணிக்கோவை மாறிலி 4.00-இல் 11×11×11, 3.95-இல் 12×12×12. கூடு சுருங்கியதும் தலைகீழ் பெட்டி விரிந்து, இடைவெளியைக் காப்பாற்ற மென்பொருள் நல்லெண்ணத்தோடு ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து வளைவு எதுவானாலும் கிரிட்டைக் கையால் ஒரே எண்ணாக எழுதுவேன்.

*

அறுகோணப் படிகங்களுக்கு நகர்த்திய கிரிட் (காமாவை விட்டுத் தள்ளி வைத்தது) கூடாது என்கிறார்கள், கனசதுரத்துக்குப் பரவாயில்லை என்கிறார்கள். காரணம் யாரும் சொல்வதில்லை.
– பொறியாளர், பெங்களூரு

கோலம் போடுபவர்களிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். நேர்ப்புள்ளியில் நாலுக்கு நாலு வைத்தால் கோலத்தின் மையம் எந்தப் புள்ளியிலும் விழாது, நாலு புள்ளிக்கு நடுவே காலி இடத்தில் விழும். இருந்தும் கோலத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் புள்ளி மேல் புள்ளி உட்காரும். ஊடுபுள்ளியில் ஆறு இதழ் நட்சத்திரம் போடும்போது அப்படிச் செய்ய முடியுமா? நடுப்புள்ளியை விட்டு அரை இடைவெளி தள்ளினால் மையம் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் போய் நிற்கும், அங்கிருந்து பார்த்தால் ஆறு பக்கம் கிடையாது, இரண்டே பக்கம்தான். அறுபது டிகிரி திருப்பினால் ஒரு புள்ளியும் பொருந்தாது.

மெக்னீசியம், துத்தநாகம், டைட்டானியம், கேலியம் நைட்ரைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு எல்லாம் இந்த அறுகோணக் கட்சி. மாங்கார்ஸ்ட்–பேக் முறையில் இரட்டைப்படை எண் போட்டால் கிரிட் தானாகவே அரை இடைவெளி நகர்ந்துவிடும், படிகத்தின் சமச்சீர் கிரிட்டுக்கு இல்லாமல் போய்விடும். காமாவை மையமாக வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை, ஆற்றலும் சீக்கிரமாகவே நிலைகொள்ளும். சிலிக்கானில் நகர்த்தலாம், நகர்த்தினால் லாபமும் உண்டு: நகர்த்திய 4×4×4-இல் 64 புள்ளிகள் சுருங்கி 10 ஆகும், ஆற்றலுக்கு அந்தப் பத்தே நல்ல விடை தரும்.

*

பேரியம் டைட்டனேட் ஃபெர்ரோஎலக்ட்ரிக் (அணுக்கள் விலகித் தானாகவே மின்முனை கொள்ளும் பொருள்) என்று படித்துவிட்டுக் கணக்கிட்டால், டைட்டானியம் நடுவிலேயே அசையாமல் நிற்கிறது. விசை பூஜ்யம். கிரிட்டை 12×12×12 வரை கூட்டியும் பார்த்துவிட்டேன்.
– முனைவர்பட்ட மாணவி, புதுச்சேரி

கிரிட்டை நூறு ஆக்கினாலும் நகராது. கனசதுரத்தின் நட்டநடுவில் அணுவை வைத்திருக்கிறீர்கள், இடது பக்கம் இழுக்கும் அளவுக்கு வலது பக்கமும் இழுக்கிறது. 48 சமச்சீர்ச் செயல்கள் சுற்றி நின்று காவல் காக்கின்றன, மென்பொருள் ஒவ்வொரு அடியிலும் விசைகளை அந்தச் சமச்சீருக்கு ஏற்பச் சராசரியும் எடுக்கிறது. மலை உச்சியில் சரியாக நடுவில் வைத்த கோலிக்குண்டு மாதிரி, உருளவேண்டிய இடம் எது என்று அதற்குத் தெரியாது.

டைட்டானியத்தை ஒரு அச்சின் வழியாக 0.05 ஆங்ஸ்ட்ராம் கையால் தள்ளிவிடுங்கள். அவுட்புட்டில் சமச்சீர் 48-இலிருந்து 8-க்கு இறங்கியிருக்க வேண்டும், இறங்காவிட்டால் நீங்கள் தள்ளியது பதிவாகவில்லை. பிறகு தளர்த்துங்கள், கூட்டையும் சேர்த்து விடுங்கள், அது தானாக நாற்கோண வடிவத்துக்கு நீண்டுகொள்ளும். நிஜப் பொருளும் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதைத்தான் செய்கிறது. அறை வெப்பத்தில் ஒரு பக்கம் 4.03, மற்ற இரண்டும் 3.99 ஆங்ஸ்ட்ராம்.

*

நிக்கல் ஆக்சைடில் எதிர்ஃபெர்ரோ காந்த நிலை (அணுக்காந்தங்கள் எதிரெதிராக நிற்பது) வரவே மாட்டேன் என்கிறது. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ.
– ஆய்வு மாணவர், காரைக்குடி

இரண்டு நிக்கலுக்கும் ஒரே பெயர் கொடுத்திருப்பீர்கள். தொடக்கக் காந்தமாக்கம் அங்கே அணுவுக்கு அல்ல, அணு வகைக்குக் கொடுப்பது. நிக்கல் 1, நிக்கல் 2 என்று இரண்டு வகையாக அறிவித்து ஒன்றுக்குக் கூட்டல், மற்றதற்குக் கழித்தல் போடுங்கள். கூடும் 4 அணுக் கூடாக இருக்க வேண்டும், 2 அணுக் கூட்டில் எதிர்ப்பக்கம் பார்க்க இன்னொரு நிக்கலே கிடையாது.

*

எங்கள் கைடு, 'வம்பே வேண்டாம், சமச்சீரை எப்போதும் அணைத்துவிடு' என்கிறார்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

மூலக்கூறு இயக்கவியல் ஓட்டும்போது அணைத்தே ஆக வேண்டும், அணுக்கள் அவரவர் இஷ்டத்துக்கு நடுங்குகிற இடத்தில் சமச்சீருக்கு வேலையில்லை. மற்ற நேரத்தில்? சிலிக்கான், 8×8×8, காமா மையம். சமச்சீரோடு 29 புள்ளிகள். அணைத்தால், கே-யும் மைனஸ் கே-யும் ஒன்று என்ற ஒரே சலுகையோடு, 260. ஒன்பது மடங்கு. உங்கள் கைடு கிளஸ்டர் நேரத்தைச் சொந்தக் காசில் வாங்குகிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். எப்போதாவது சந்தேகம் வந்தால் ஒருமுறை அணைத்து ஓட்டி, ஆற்றல் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி போட்டுவிடலாம்.

*

சிலிக்கானுக்கு மொத்த ஆற்றல் அணுவுக்கு 1 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் நிலைகொண்டதைக் காட்டியும், மீள்தன்மை மாறிலிகளுக்கு (படிகம் இழுவைக்கு எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண்கள்) தனியாகக் கே-புள்ளிச் சோதனை வேண்டும் என்று கட்டுரையைச் சரிபார்க்கும் ரெஃபரி திருப்பி அனுப்பிவிட்டார். சும்மா இழுத்தடிக்கிறாரா?
– முனைவர்பட்ட மாணவர், திருச்சி

இந்த ஒரு முறை ரெஃபரி பக்கம்தான் நான். நீங்கள் கூட்டை எவ்வளவு இழுத்தீர்கள்? அரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சிலிக்கானின் முதல் மீள்தன்மை மாறிலி சுமார் 166 கிகாபாஸ்கல், ஒரு அணுவுக்கு 20 கன ஆங்ஸ்ட்ராம் இடம். பாதி பெருக்கல் மாறிலி பெருக்கல் திரிபின் வர்க்கம் பெருக்கல் கனஅளவு, அவ்வளவுதான் ஃபார்முலா. போட்டுப் பாருங்கள், அணுவுக்கு 0.26 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வருகிறது. நீங்கள் அளக்கப் போகும் வித்தியாசமே உங்கள் 1 மில்லி எல்லைக்குள் நாலு முறை அடங்கிவிடுகிறது. வித்தியாசம் எடுக்கும்போது பிழையில் பெரும்பகுதி அடிபட்டுப் போகும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு அடிபடுகிறது என்பதைத்தானே அவர் காட்டச் சொல்கிறார்.

இழுத்த கூட்டுக்கும் இழுக்காத கூட்டுக்கும் கிரிட் எண் ஒன்றாகவே இருக்கட்டும். இழுத்ததும் சமச்சீர் குறைவதால் அவுட்புட்டில் கே-புள்ளிகளின் எண்ணிக்கை கூடும், அதைப் பார்த்துப் பதறி கிரிட்டை மாற்றிவிடாதீர்கள். 6, 8, 10, 12 என்று நாலு கிரிட்டில் அந்த மாறிலியையே கணக்கிட்டு, கிகாபாஸ்கலில், ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டு அனுப்புங்கள். சிலிக்கான் பிரிமிட்டிவ் செல்தானே, ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.